நீலத் துணிக்கு நீளப் பஞ்சு

மாணவ நண்பர்களே, உங்களில் பெரும்பாலோர் வீட்டுக் கொடியில் இன்று நீலக் கால்சட்டை ஒன்றேனும் உலர்ந்துகொண்டிருக்கும். அதனை ஜீன்ஸ் என்கிறீர்கள். அது தைக்கப்பெறும் துணிக்கு டெனிம் என்று பெயர். சென்ற தீபாவளிக்கு என் பேரன் அத்தகைய கால்சட்டை ஒன்றை வாங்கி வந்தான். அதன் இடுப்பில் தொங்கிய அட்டையில், ‘உயர்தர நீள இழைப் பஞ்சினால் ஆனது’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். விலையோ, முன்பு வாங்கியதைப் போல ஏறக்குறைய இருமடங்கு. “தாத்தா, நீள இழை என்றால் என்ன? அதற்காக இவ்வளவு பணம் கொடுக்கலாமா?” என்று கேட்டான். முதல் வினாவிற்கு உடனே விடை சொல்லிவிட்டேன். இரண்டாம் வினாவிற்கு விடை காண எனக்குச் சில வாரங்கள் ஆயின. அந்தத் தேட்டத்தில் நான் அறிந்துகொண்டதையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் பிறந்தது கரிசல் மண்ணில். 1960-களின் இறுதியில் எங்கள் தொடக்கப் பள்ளியில் வாரத்தில் இரண்டு நாள் தக்ளி வகுப்பு உண்டு. கைத்தொழில் ஆசிரியர் இரண்டு வகைப் பஞ்சைக் கொண்டுவருவார். ஒன்று எங்கள் ஊர்க் காடுகளில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணி. மற்றொன்று கிணற்றுப் பாசனத்தில் விளைந்த கம்போடியா. கருங்கண்ணியின் இழை குட்டை. கம்போடியாவின் இழை அதனினும் நீளம். மெல்லிய நூல் நூற்றுப் பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையில் கருங்கண்ணியை இழுத்து இழுத்து நான் நூற்பேன். நூல் அறும், தக்ளி தரையில் விழும், வகுப்பு சிரிக்கும். ஒரு நாள் ஆசிரியர் அருகில் வந்து, “தம்பி, பஞ்சின் மேல் குற்றமில்லை. இந்தப் பஞ்சுக்கு இவ்வளவு மெல்லிய நூல் ஆகாது. தடிமனாக நூற்றுப் பார்” என்றார். நூற்றேன், அறவில்லை. அன்று அவர் சொன்னதில் இன்றைய பேச்சின் பொருளில் பாதி அடங்கியிருக்கிறது.

பருத்தி இழை என்பது விதையின் தோலிலிருந்து வளரும் ஒற்றை உயிரணு. ஒரு விதையின் மேல் இத்தகைய இழைகள் பல்லாயிரம் இருக்கும். இழையின் நீளத்தைக் கொண்டு பஞ்சினைத் தரம் பிரிப்பது நெடுநாள் வழக்கம். ஏறத்தாழ 20 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்ததும் குட்டை இழை. 28 மில்லிமீட்டரைக் கடந்தது நீள இழை. 32-ஐயும் கடந்துவிட்டால் மிக நீள இழை. உலகில் பயிராகும் பருத்தி இனங்கள் நான்கே. அவற்றுள் அமெரிக்கப் பருத்தி என்று வழங்கும் ஒன்றே உலக விளைவில் பத்தில் ஒன்பது பங்கு. எகிப்துப் பருத்தியும், அமெரிக்காவின் பீமாவும், மேற்கிந்தியத் தீவுகளின் கடற்றீவுப் பருத்தியும் மற்றோர் இனத்தைச் சேர்ந்தவை. மிக நீளமான இழைகள் அவ்வினத்தில்தான் விளைகின்றன. நம் கருங்கண்ணி மூன்றாவதோர் இனம்.

இனி டெனிம் துணியைப் பார்ப்போம். அதன் பெயர் பிரான்சு நாட்டு நீம் நகரத்திலிருந்து வந்தது என்பர். வேலைக்காரர் உடுத்தும் ‘டங்கரி’ என்னும் முரட்டுத் துணியின் பெயரோ நம் பம்பாயின் டோங்ரிப் பகுதியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. 1873-இல் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் லெவி ஸ்டிராஸ் என்ற வணிகரும், பையின் மூலைகளில் செப்பு ஆணி அடித்த வேலைக்காலுடைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். வரலாறு இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது நெசவு. நீளவாக்கில் ஓடும் நூலைப் பாவு என்றும், குறுக்கே செல்லும் நூலை ஊடை என்றும் நெசவாளர் சொல்வர். டெனிமில் பாவு நூல் மட்டும் நீலச் சாயம் ஏறியது, ஊடை வெள்ளை. ஊடை நூல் ஒவ்வொன்றும் மூன்று பாவு நூல்களுக்கு அடியிலும் ஒன்றுக்கு மேலுமாகச் செல்வதால், மேற்புறத்தில் நீலமே மிகுந்து, சாய்ந்த வரிகள் தோன்றுகின்றன. துணியைப் புரட்டினால் வெள்ளை மிகுந்திருக்கும். ஆகவே, வெயிலையும் உரசலையும் தாங்குவது பெரும்பாலும் பாவு நூலே. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

நூலின் பருமனை நம்பர் கொண்டு சொல்வது ஆலை வழக்கம். 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடையாகுமோ அது அந்நூலின் நம்பர். எனவே நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நல்ல வேட்டிக்கு 80, 100 என்ற நம்பர்கள் செல்லும். கனத்த டெனிமின் பாவுக்கோ 7-ஆம் நம்பர் நூலே போதும். கணக்கிட்டால் 7-ஆம் நம்பர் நூலைக் குறுக்கே அறுத்துப் பார்க்கும் இடத்தில் ஏறத்தாழ 500 இழைகள் இருக்கும். 100-ஆம் நம்பர் நூலிலோ நாற்பது ஐம்பது இழைகளே இருக்கும். நாற்பது பேர் இழுக்கும் தேரில் ஒருவன் கைவிட்டால் வடம் துவளும். ஐந்நூறு பேர் இழுக்கும்போது ஒருவன் கைவிட்டதை யாரும் அறியார். மெல்லிய நூலில் ஒவ்வோர் இழையும் நீளமாக நின்று பிடித்தால்தான் நூல் நிற்கும். தடித்த நூலில் அந்தக் கட்டாயம் இல்லை. என் ஆசிரியர் கருங்கண்ணியைத் தடிமனாக நூற்கச் சொன்னது இதனால்தான். டெனிம் பல தலைமுறைகளாக நடுத்தர நீளமுள்ள பஞ்சினால் நெய்யப்பட்டு வந்ததற்கும் காரணம் இதுவே.

அப்படியாயின் டெனிமுக்கு நீள இழை எதற்கு? அட்டையில் எழுதி விலையை ஏற்றுவதற்கு மட்டுந்தானா? நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். என் பழைய மாணவர் ஒருவர் நூற்பாலையில் பஞ்சு வாங்கும் பொறுப்பில் இருக்கிறார். ஆலைகளில் ‘காட்டன் செலக்டர்’ என்பார்கள். அவரிடம் இந்த ஐயத்தைச் சொன்னபோது, “ஐயா, நீங்கள் கரும்பலகையில் போடும் கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்” என்றார். அந்தக் கணக்கை நீங்களும் போடலாம்.

ஒரு மீட்டர் டெனிம் நூலை எடுத்துக்கொள்வோம். எங்கு அறுத்தாலும் 500 இழைகள். இழையின் நீளம் 24 மில்லிமீட்டராயின், அந்த ஒரு மீட்டரை நிரப்ப 500 முறை 1000-ஐ 24-ஆல் வகுக்க, ஏறத்தாழ 20,800 இழைகள் வேண்டும். நீளம் 32 மில்லிமீட்டராயின் 15,600 இழைகள் போதும். ஒவ்வோர் இழைக்கும் நுனிகள் இரண்டு. ஆகவே முதல் நூலில் 41,600-க்கும் மேற்பட்ட நுனிகள். இரண்டாவதில் 31,200 சொச்சம். நான்கில் ஒரு பங்கு நுனிகள் குறைந்துவிட்டன. நூலின் மேல் பிசிறாக நீட்டிக்கொண்டிருப்பவை இந்த நுனிகளே. தறியில் பஞ்சுத் தூசாகப் பறந்து நெசவாளரின் மூச்சில் சேர்வதும், துவைக்கத் துவைக்கத் துணியின் மேல் சிறு உருண்டைகளாகத் திரள்வதும் இவற்றிலிருந்தே. மேலும், நூலுக்கு வலுத் தருவது முறுக்கு. இழை குட்டையாயின் அவை ஒன்றையொன்று பற்றி நிற்க முறுக்கை மிகுதியாக ஏற்ற வேண்டும். முறுக்கு மிகுந்தால் நூல் விறைக்கும். இழை நீண்டிருந்தால் குறைந்த முறுக்கிலேயே அதே வலுக் கிடைக்கும். துணியும் உடம்புக்கு இசைந்து வளையும். டெனிமைத் தைத்த பிறகும் சும்மா விடுவதில்லை. கல்லோடு சேர்த்துத் துவைப்பார்கள், உப்புத்தாளால் தேய்ப்பார்கள். இவ்வளவுக்கும் பிறகு நூலில் உயிர் மிச்சம் இருக்க வேண்டுமல்லவா?

எனவே பாவு நூலுக்கு நீள இழை பயன் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் இங்கு ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் பயன் கதிரில் நூற்ற நூலுக்கே முழுமையாகக் கிடைக்கும். 1960-களின் பிற்பகுதியில் செக்கோசுலோவாக்கியாவிலிருந்து புதிய நூற்பு முறை ஒன்று பரவியது. அதில் பஞ்சினைத் தனித்தனி இழைகளாகப் பிரித்து, வேகமாகச் சுழலும் கிண்ணம் ஒன்றினுள் செலுத்தி நூலாக்குவர். ‘ஓப்பன் எண்ட்’ என்று ஆலைகளில் வழங்கும். மலிவு, வேகம், சீரான பருமன் ஆகியவற்றால் டெனிம் ஆலைகள் அதனை விரும்பி ஏற்றன. அம்முறையில் நூலின் தரத்தை முதலில் முடிவு செய்வன இழையின் வலுவும் மென்மையுமே; நீளம் அவற்றிற்குப் பின்னரே வரும். நீளமான இழைகள் சில, நூலைச் சுற்றிக் கட்டுப்போட்டாற்போல் சுருண்டுகொள்ளவும் செய்யும். ஆகவே கிண்ண நூலுக்கு விலையுயர்ந்த நீளப் பஞ்சைப் போடுவது பணத்தைப் பாழாக்குவதாகும். ‘நீள இழை’ என்று சொல்லும் அட்டை எந்த முறையில் நூற்றது என்பதைச் சொல்லாவிட்டால், பாதிச் செய்தியைத்தான் சொல்லியிருக்கிறது.

பஞ்சு தேர்பவர் எதைப் பார்க்கிறார்? பொதியின் பக்கத்தைக் கீறி ஒரு பிடி பஞ்சை உருவுவார். இரு கட்டைவிரல்களுக்கும் இடையில் அதனை வைத்து இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மீண்டும் இழுப்பார். நாலைந்து முறை இழுத்ததும் இழைகள் சீவிய தலைமயிர்போல் நேராகி நிற்கும். அதனைக் கறுப்புத் துணியில் வைத்து நீளத்தைக் கண்ணால் அளப்பார். பிறகு அதே கற்றையை இரு கைகளாலும் பற்றி, காதருகே கொண்டுபோய் அறுப்பார். வலுவுள்ள பஞ்சு சட்டென்று ஒலித்து அறும். நலிந்த பஞ்சு ஓசையின்றிப் பிரிந்துவிடும். இந்தக் கைவித்தையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சங்கீதக்காரர் சுருதி சேர்ப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது. இன்று கருவி வந்துவிட்டது. சில நொடிகளில் நீளம், வலு, நிறம், தூசு முதலியவற்றை எண்ணாகக் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் அவர் கையால் இழுத்துப் பார்க்காமல் கையெழுத்திடுவதில்லை.

கருவி கொடுக்கும் எண்களில் இரண்டு இடங்களில் ஏமாறுவதற்கு வாய்ப்பு உண்டு. முதலாவது நீளம். சீட்டில் 30 மில்லிமீட்டர் என்றிருந்தால் எல்லா இழையும் 30 என்று பொருளில்லை. நீண்ட இழைகளான ஒரு பாதியை மட்டும் எடுத்து, அப்பாதியின் சராசரியைத்தான் அங்கே குறித்திருப்பார்கள். வகுப்பில் முதற்பாதி மாணவர்களின் மதிப்பெண்ணை மட்டும் சொல்லிப் பள்ளியைப் புகழ்வதற்கு ஒப்பானது இது. அவ்வாறு செய்த தலைமையாசிரியர்களை நான் அறிவேன். ஆகவே அடுத்த கட்டத்தில் இருக்கும் சீர்மை எண்ணையும் பார்க்க வேண்டும். சீர்மை 84 என்றால் எல்லா இழைகளின் சராசரி 25.2 மில்லிமீட்டர். சீர்மை 78 என்றால் 23.4 தான். இரண்டு பொதிகளின் மேலும் 30 என்றே எழுதியிருக்கும். விலையும் ஒன்றாகவே கேட்பார்கள். நூலோ ஒன்றாக இராது.

இரண்டாவது, ‘மைக்ரோனேர்’ என்ற எண். குறிப்பிட்ட எடையுள்ள பஞ்சினை ஒரு சிமிழில் அடைத்து அதனூடே காற்றைச் செலுத்துவார்கள். இழைகள் மெல்லியனவாயின் காற்றை மிகுதியாகத் தடுக்கும்; எண் குறையும். இழைகள் தடித்தனவாயின் எண் ஏறும். மெல்லிய இழை நல்லது. எனவே குறைந்த எண் நல்லது என்று எண்ணத் தோன்றும். இங்கேதான் வழுக்கு நிலம்.

இதனை விளங்கிக்கொள்ள, இழை வளரும் விதத்தைச் சற்றே அறிய வேண்டும். பூ விரிந்ததிலிருந்து ஏறத்தாழ மூன்று வாரம் இழை நீளத்தில் வளர்கிறது. அதன்பின் நீள்வது ஓய்ந்து, உட்சுவரில் நாள்தோறும் ஒரு படலமாக மாவுப்பொருளை ஒத்த செல்லுலோசு படிகிறது. காய் வெடிக்கும்வரை இந்தத் தடிப்பு நடைபெறும். இடையில் தண்ணீர் பற்றாமற் போனாலோ, பூச்சி தாக்கினாலோ, காயை முன்னதாகவே எடுத்துவிட்டாலோ, நீளம் முழுமையாக வந்திருக்கும். உள்ளே சுவர் இராது. நெல்லில் பதர் இருப்பதில்லையா? உமி முழு அளவில் இருக்கும். உள்ளே அரிசி இராது. அதுபோல் இதுவும் இழைப் பதர். கருவி இதற்கும் குறைந்த மைக்ரோனேர் எண்ணையே காட்டும். இயல்பாகவே மெல்லிய இழையுடைய சுவின் பருத்தியில் 3 அல்லது அதைச் சற்றே கடந்த எண் சிறப்பு. சாதாரண அமெரிக்கப் பருத்தியில் அதே எண் வந்தால் அது முதிராத பஞ்சு. இரண்டு மாணவர் ஒரே மதிப்பெண் வாங்குகிறார்கள். ஒருவன் படித்து வாங்கினான், மற்றவன் பாதி வினாத்தாளை விட்டுவிட்டு வாங்கினான். எண்ணை மட்டும் பார்த்தால் வேறுபாடு தெரியாது. எந்த ஊர், எந்த விதை, எத்தனையாவது எடுப்பு என்று கேட்டறிய வேண்டும்.

முதிராத பஞ்சு மற்றத் துணிகளைவிட டெனிமில் மிகுந்த தீங்கு செய்யும். காரணம் நீலச் சாயத்தின் இயல்பு. நம் அவுரிச் செடியிலிருந்து எடுத்தாலும், 1897 முதல் ஜெர்மானியர் விற்ற செயற்கைச் சாயமாயினும், நீலம் தண்ணீரில் கரையாது. காரமும் வேறு மருந்துகளும் இட்டு அதன் நீல நிறத்தை இழக்கச் செய்தால்தான் கரையும். நூற்றுக்கணக்கான பாவு நூல்களை வடமாகத் திரட்டி, அந்தக் கரைசலில் சில நொடிகள் தோய்த்து மேலே தூக்குவார்கள். பச்சை கலந்த மஞ்சளாக வெளிவரும் வடம், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். ஆறு முறை, எட்டு முறை இவ்வாறு தோய்ப்பும் காற்றும் மாறி மாறி நடைபெறும். ஆயினும் சாயம் நூலின் நடுவரை செல்வதில்லை, வெளிவட்டத்திலேயே தங்கிவிடும். நீலக் கால்சட்டை முழங்காலிலும் மடிப்பிலும் வெளுப்பது இதனால்தான்: மேலிருக்கும் நீலம் தேய்ந்து உள்ளிருக்கும் வெண்மை தலைகாட்டுகிறது. சுவர் தடிக்காத இழைகள் இந்தச் சாயத்தைச் சரியாகக் காட்டா. அவை சிறு முடிச்சுகளாகச் சுருண்டு, நீலத் துணியில் வெண்புள்ளிகளாக நிற்கும். வெள்ளை வேட்டியில் இதே முடிச்சு யார் கண்ணிலும் படாது.

என் மாணவருக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஊரும் ஆலையும் வேண்டாம். அவர் வேலையில் சேர்ந்த புதிதில் இரண்டு தொகுதிப் பஞ்சு வாங்கினார். இரண்டும் 31 மில்லிமீட்டர். வலுவிலும் வேறுபாடு இல்லை. மைக்ரோனேர் மட்டும் ஒன்றில் 3.2, மற்றொன்றில் 4.3. நீளம் ஒத்திருக்கிறதே என்று அவர் பொருட்படுத்தவில்லை. நூலாகி நின்றபோதும் யாரும் குறை காணவில்லை. இருவகை நூலும் ஒரே பாவில் கலந்தன. சாயம் ஏறி, நெசவு முடிந்து, துணியை விளக்கின் முன் விரித்தபோது, நீளவாக்கில் வெளிறிய கோடுகள் மழைக்காலச் சுவரில் தண்ணீர் வழிந்த தடம்போல் ஓடின. அத்தனை துணியையும் இரண்டாந்தரமாக விற்க நேர்ந்தது. தறியில் நின்றவர்களுக்கு அம்மாதம் கிடைக்கவேண்டிய ஊக்கத்தொகை கிடைக்கவில்லை. “என் சம்பளத்தில் பிடித்ததைவிட அதுதான் ஐயா எனக்கு உறுத்தியது” என்றார். பஞ்சு தேர்தலில் நீளத்தைவிட ஒருசீர்மை முந்தியது என்று அவர் இன்று அடித்துச் சொல்வதற்குப் பின்னால் அந்தக் கோடுகள் இருக்கின்றன.

பஞ்சின் தூய்மையைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானில் ஒகயாமா வட்டாரத்தில், பழைய விசைத்தறிகளில் நெய்யும் கனத்த டெனிமுக்கு உலகெங்கும் பெயர் உண்டு. அந்நாட்டு உற்பத்தியாளர் பலர் ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேப் பஞ்சை விரும்பி வாங்கினார்கள். அது எகிப்துப் பஞ்சைப்போல் மிக நீளமானதன்று. அதன் சிறப்புகளுள் ஒன்று, முதிர்ந்து வெடித்ததைப் பார்த்துப் பார்த்துக் கையால் எடுத்தது என்பது. எந்திரம் எடுத்தால் இலைச் சருகும் காம்பும் சேர்ந்து வரும். அவற்றை நீக்க அரவை ஆலையில் அடித்து அடித்துச் சுத்தம் செய்யும்போது இழை அறுந்து நீளம் குறையும். நம் நாட்டிலும் கையெடுப்புத்தான். ஆனால் நாம் எடுத்ததைப் பிளாஸ்டிக் சாக்கில் திணிக்கிறோம். சாக்கின் நார் பஞ்சோடு கலந்து, நூலாகி, துணியாகிறது. அந்த நாரில் நீலம் ஏறாது. கையெடுப்பினால் கிடைத்த நன்மையைச் சாக்கு தின்றுவிடுகிறது. எடுக்கும் பெண்களுக்குத் துணிப்பை ஒன்று கொடுத்தால் தீரக்கூடிய குறை இது. அந்தப் பைக்கு யார் பணம் கொடுப்பது என்பதில்தான் வணிகருக்கும் உழவருக்கும் இழுபறி.

மிக நீளமான பஞ்சைப் பற்றிப் பேசும்போது கோயம்புத்தூரை மறக்க இயலாது. எகிப்துப் பருத்தி வழிவந்த சுஜாதா என்ற வகையையும், மேற்கிந்தியத் தீவான செயின்ட் வின்சென்டின் கடற்றீவுப் பருத்தியையும் கூட்டி, அங்குள்ள பருத்தி ஆராய்ச்சியாளர்கள் 1974-இல் வெளியிட்டதே சுவின். இரு பெற்றோரின் முதலசைகளும் சேர்ந்த பெயர். 120-ஆம் நம்பர் நூலை எளிதில் தரும் இழை அது. சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் அது பெரிதும் பயிராயிற்று. ஆனால் அது நிலத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் நிற்கும், விளைவு குறைவு, எடுக்க ஆள் மிகுதியாக வேண்டும். 2002-க்குப் பின் மரபணு மாற்றிய பி.டி. கலப்பினங்கள் பரவியபோது, சுவினின் பரப்பு மிகவும் சுருங்கிவிட்டது. உழவரைக் குறை சொல்வதற்கில்லை. தரத்துக்கென்று கூடுதலாகக் கிடைக்கும் தொகை, இழந்த விளைவை ஈடு செய்யாவிட்டால் அவர் வேறு விதையைத்தான் தேடுவார். 1968-இல் வெளிவந்த எம்.சி.யு. 5 என்ற நீள இழை வகையும் ஒரு காலத்தில் நம் ஆலைகளுக்கு முதுகெலும்பாக இருந்தது, அதுவும் பின்வாங்கிவிட்டது.

சுவினை டெனிமுக்குப் போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் கருத்து. நாற்பது இழைகளில் நூலாகக்கூடிய பஞ்சினை ஐந்நூறு இழைகளாகத் திரிப்பது, அதன் அருமையைப் புதைப்பதாகும். எம்.சி.யு. 5-ஐ ஒத்த 29, 30 மில்லிமீட்டர் பஞ்சு, முதிர்ந்ததாய், சீர்மை 83-க்குக் குறையாததாய், ஒரே வட்டாரத்து இரண்டாம் மூன்றாம் எடுப்பிலிருந்து வந்ததாய் இருந்தால், கனத்த டெனிமின் பாவுக்கு அதுவே ஏற்றது. ஊடைக்கு 26, 27 போதும். வேறொரு செய்தியும் உண்டு. பழைய டெனிமின் அழகு, நூலில் ஆங்காங்கே சிறிது தடித்தும் மெலிந்தும் இருப்பதனால் வருவது. வெளுக்கும்போது அது நெடுக்குக் கோடுகளாகத் தெரியும். மிக நீளமான பஞ்சைச் சீவி எடுத்துக் கண்ணாடிபோல் வழவழப்பாக நூற்றால் அந்த அழகு கிட்டாது. அதனை விரும்புவோர் உங்களில் பலர் என்று கேள்விப்படுகிறேன்.

இனி என் பேரனின் இரண்டாம் வினா. ஒரு நீலக் கால்சட்டைக்கு, வெட்டுக் கழிவும் நூற்புக் கழிவும் சேர்த்து, ஏறத்தாழ ஒரு கிலோ பஞ்சு செல்லும். நல்ல பஞ்சு சாதாரணப் பஞ்சைப்போல் இருமடங்கு விலையாயினும், கூடுவது ஒரு கிலோ பஞ்சின் விலைதான். அது சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். அவன் கூடுதலாகக் கொடுத்தது ஆயிரத்தைத் தாண்டியது. மிச்சம் எங்கே போயிற்று என்பதை அவனே ஊகித்துக்கொண்டான். அட்டைகளை அப்படியே நம்புவதற்கும் இல்லை. 2016-இல் அமெரிக்கப் பெருங்கடை ஒன்று, எகிப்துப் பஞ்சு என்று தான் விற்ற படுக்கை விரிப்புகளில் வேறு பஞ்சு இருந்ததைக் கண்டு, விற்றவற்றுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது.

ஆகவே நாங்கள் சோதித்துப் பார்த்தோம். நீங்களும் செய்யலாம். புதிய கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கத் தையற்காரர் வெட்டும் துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதிலிருந்து நீல நூல் ஒன்றையும் வெள்ளை நூல் ஒன்றையும் உருவுங்கள். முறுக்குக்கு எதிராகத் திருப்புங்கள். இழைகள் ஒழுங்காகப் பிரிந்து வந்தால் அது கதிரில் நூற்றது. முறுக்கு அவிழ்ந்த பின்னும் சில இழைகள் கட்டுக்கயிறுபோல் சுற்றிக்கொண்டு விடாமல் நின்றால் அது கிண்ணத்தில் நூற்றது. பின்னர்ச் சிறு இடுக்கியால் இழைகளை ஒவ்வொன்றாக, அறுந்துவிடாமல் மெல்ல உருவி, நீல இழையை வெள்ளைத் தாளிலும் வெள்ளை இழையைக் கறுப்புத் துணியிலும் கிடத்தி, அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டைப் பார்த்து முடிவு செய்யலாகாது, ஐம்பதேனும் வேண்டும்.

எங்கள் நறுக்குத் துணியில் நீல நூல் கதிரில் நூற்றதாக இருந்தது. அதில் 28, 29 மில்லிமீட்டர் இழைகள் பல அகப்பட்டன. வெள்ளை ஊடையோ கிண்ண நூல். அதில் 22-ஐத் தாண்டிய இழை அரிதாகவே கிடைத்தது. அட்டை பாவைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. ஊடையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. பிறகு அவனுடைய பழைய, பாதி விலைக் கால்சட்டையின் கிழிந்த ஓரத்திலிருந்தும் ஒரு நீல நூலை உருவினோம். அதுவும் கதிர் நூல். 26, 27 மில்லிமீட்டர். எண்களையெல்லாம் அவன் தன் குறிப்பேட்டில் இரண்டு வரிசையாக எழுதினான். நறுக்குத் துணியில் மிச்சம் இருந்ததை, கல்லூரி நுண்ணோக்கியில் சுவரின் தடிப்பையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எடுத்துப் போயிருக்கிறான்.